பிளக் ஓட்டை வழியாக ஒரு கண்: விவிடியா விஏ-400 போர்ஸ்கோப்

என்னிடம் இருப்பது 1975-ஆம் வருடத்து செஸ்னா 172எம். நான்கு இருக்கை, லைகாமிங் ஓ-320-இ2டி எஞ்சின், 150 குதிரைத்திறன். ஓஹையோவில் டேட்டனுக்கு வடக்கே ஒரு சின்ன விமானத் திடலில், தகர ஹேங்கர் ஒன்றில் நிற்கிறது. 2019-இல் வாங்கினேன். என்னைவிட மூன்று வயது மூத்தது. அதன் லாக்புக்குகளைப் படிக்கவே எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. வாங்கிய நாளிலிருந்து அதற்காகச் சேர்த்த கருவிகள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. டார்க் ரெஞ்ச், சேஃப்டி வயர் முறுக்கும் பிளையர், ஆயில் ஃபில்டர் வெட்டும் கட்டர் என்று எல்லாமே உபயோகமானவைதான். ஆனால் எனக்கு ஒருமுறை வீண்செலவை மிச்சப்படுத்தி, இன்னொருமுறை உயிருக்கே காவலாக நின்றது இந்த விவிடியா விஏ-400 போர்ஸ்கோப், அதாவது எஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே எட்டிப் பார்க்கும் கேமரா. சுமார் 200 டாலர் கொடுத்து வாங்கினேன். பழைய விமானம் வைத்திருக்கும் நம்மவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள், பைலட் லைசென்ஸ் வாங்கியவர்களும் கூடிக்கொண்டே வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கருவி என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 5.5 மில்லிமீட்டர் தடிமனில் நீளமான உலோகக் குழாய். நுனியில் ஒரு குட்டிக் கேமரா, பக்கத்திலேயே சின்ன எல்இடி விளக்குகள். பிடியில் உள்ள திருகைச் சுழற்றினால் நுனித் தலை மெல்ல மடங்கி, முழுக்கத் திரும்பி, வந்த வழியையே பார்க்கும். படம் யூஎஸ்பி வயர் வழியாக லேப்டாப்புக்கு வருகிறது. படத்தின் அளவு 640-க்கு 480. கைப்பேசி கேமராவோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால் வால்விலிருந்து இரண்டு விரல்கடை தூரத்தில் நின்று பார்க்கும்போது அந்த அளவே தாராளம்.

தலை திரும்புவதில்தான் இந்தக் கருவியின் முழு மதிப்பும் இருக்கிறது. விமான எஞ்சினில் ஸ்பார்க் பிளக் ஓட்டை 18 மில்லிமீட்டர். ஒரு சிலிண்டருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பிளக். வால்வுகளோ சிலிண்டரின் தலைப்பக்கம், அந்த ஓட்டைக்கு இரு புறமும் சற்றுப் பின்வாங்கி உட்கார்ந்திருக்கின்றன. நேராகப் பார்க்கும் கேமராவை உள்ளே விட்டால் எதிர்ச் சுவரும் பிஸ்டன் தலையும்தான் தெரியும். முதலில் நான் 30 டாலருக்கு வயர் போல வளையும் கேமரா ஒன்று வாங்கினேன். நுனியில் மாட்ட ஒரு குட்டிக் கண்ணாடியும் கொடுத்திருந்தார்கள். அரை மணி நேரம் முயன்றும், எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வை முழுசாக ஒருமுறைகூடப் பார்க்க முடியவில்லை. கண்ணாடி உள்ளே கழன்று விழுந்துவிடுமோ என்ற பயம் வேறு. சிலிண்டருக்குள் எதையாவது தவறவிட்டால் வரும் வேலையை நினைத்து அதை அப்போதே எடுத்து வைத்துவிட்டேன். அந்த மாதிரி வயர் கேமரா வீட்டுக் குழாய் அடைப்பு பார்க்க உதவும். வால்வு பார்க்க அது வேண்டாம்.

2021 ஜனவரியில்தான் இதன் அருமை தெரிந்தது. அமெரிக்காவில் தனியார் விமானம் ஒவ்வொன்றும் 12 மாதத்துக்கு ஒருமுறை ஆண்டுச் சோதனையில் தேற வேண்டும். அதற்கென்று தனி அதிகாரம் பெற்ற மெக்கானிக் பார்த்து, லாக்புக்கில் கையெழுத்துப் போட்டால்தான் பறக்கலாம். அந்தச் சோதனையில் ஒரு பகுதி கம்ப்ரஷன் டெஸ்ட். பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாக 80 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்துவார்கள். இரண்டு மீட்டர்கள் இருக்கும். ஒன்றில் உள்ளே போகும் அழுத்தம், மற்றதில் சிலிண்டர் தாங்கி நிற்கும் அழுத்தம். 80-க்கு 76 என்றால் அருமையான சிலிண்டர். அந்த வருடம் நான் விட்ட பணிமனையில் இருந்து போன் வந்தது. மூன்றாம் சிலிண்டர், அதாவது வலப்பக்கம் பின்னால் இருப்பது, 80-க்கு 58 காட்டுகிறதாம். எக்ஸாஸ்ட் குழாயில் காது வைத்தால் உஸ்ஸென்று கேட்கிறதாம். சிலிண்டரைக் கழற்றி அனுப்ப வேண்டும், 2,600 டாலர், மூன்று வாரம் என்றார்கள்.

காற்று எங்கே கசிகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லலாம். எக்ஸாஸ்ட் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் வாயில் கேட்டால், காற்றை உள்ளே இழுக்கத் திறக்கும் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் கேட்டால் பிஸ்டன் ரிங். ஆக, குறை வால்வில் என்பது சரிதான். ஆனால் என்ன குறை? எஞ்சின் முந்தின நாள் ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்திருக்கிறது. கம்ப்ரஷன் டெஸ்ட்டை எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். லைகாமிங் கம்பெனி தன் சர்வீஸ் அறிவிப்பில் சொல்வது இதுதான்: எல்லாம் 70-க்கு மேல் ஒன்றுபோல இருந்தால் நிம்மதி, 65-க்குக் கீழே போனால் 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள், 60-க்குக் கீழே போனால் கழற்றுவதைப் பற்றி யோசியுங்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்று அதில் இல்லை.

சிலிண்டரைக் கழற்றுவதை நான் ஏன் இவ்வளவு தள்ளிப்போடப் பார்த்தேன் என்பதற்குப் பணம் மட்டுமே காரணம் இல்லை. இந்த எஞ்சினில் நடு உடலான கிராங்க்கேஸின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் நீள போல்ட்டுகள் சில, சிலிண்டரின் அடிப்பகுதி வழியாகத்தான் போகின்றன. அந்த நட்டுகளைத் தளர்த்தினால் உள்ளே மெயின் பேரிங்குகளின் பிடியும் தளர்கிறது. திரும்ப மாட்டும்போது டார்க், அதாவது நட்டை முறுக்கும் இறுக்கம், சரியாக ஏறவில்லை என்றால் பேரிங் நகர்ந்து, ஆயில் துளை அடைபட்டு, எஞ்சின் வானத்திலேயே நின்றுபோகலாம். நன்றாக ஓடும் எஞ்சினைத் தேவையில்லாமல் திறப்பதே ஒரு ஆபத்து என்று மைக் புஷ் போன்ற அனுபவசாலி மெக்கானிக்குகள் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். நான் அதை முழுசாக நம்புகிறேன்.

எங்கள் திடலிலேயே எழுபது வயதைத் தாண்டிய ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பணிமனைக்குப் போனேன். போர்ஸ்கோப் வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பிஸ்டனைக் கீழ்முனைக்குக் கொண்டுபோய், மேல் பிளக் ஓட்டை வழியாகக் குழாயை விட்டு, திருகைச் சுழற்றினேன். லேப்டாப் திரையில் சுவர் நகர்ந்தது, அப்புறம் ஒரு வளைவு, அப்புறம் நிலவு எழுவது போல எக்ஸாஸ்ட் வால்வு முழு வட்டமாக வந்து நின்றது. நடுவில் செங்காவி நிறத்தில் படிவு. அதைச் சுற்றிப் பழுப்பு வளையம். விளிம்பு வரைக்கும் எல்லாப் பக்கமும் ஒரே சீர். நல்ல கல்லில் வார்த்த தோசையைத் திருப்பிப் போட்டால் அடிப்பக்கம் எப்படி வட்டம் வட்டமாகச் சிவந்திருக்கும், அப்படி.

"இந்த வால்வுக்கு ஒன்றும் இல்லை" என்றார் அவர். வால்வு வந்து உட்காரும் வளையத்தில், அதாவது சீட்டில், ஏதோ கார்பன் துணுக்கு ஒட்டியிருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. ராக்கர் கவரைத் திறந்து, வால்வு தண்டின் தலையில் ஃபைபர் சுத்தியலால் நாலு தட்டு தட்டினார். எஞ்சினை இருபது நிமிடம் தரையிலேயே ஓட்டிச் சூடாக்கி, மறுபடி டெஸ்ட் போட்டார்கள். 80-க்கு 72. அந்தச் சிலிண்டர் இன்றுவரை கழற்றப்படவில்லை.

அந்தப் பணிமனையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மீட்டரில் வந்த எண்ணைச் சொன்னார்கள். ஆனால் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு வழி இருந்தும் பார்க்காமல் சிலிண்டரைக் கழற்றச் சொன்னார்கள். அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இன்னொரு எஞ்சின் கம்பெனியான கான்டினென்டல் 2003-இலேயே எஸ்பி03-3 என்ற அறிவிப்பில் கம்ப்ரஷன் டெஸ்ட்டோடு போர்ஸ்கோப்பையும் சேர்த்துவிட்டது. லைகாமிங் எஞ்சினுக்கு அந்த அறிவிப்பு பொருந்தாது. பொருந்தாவிட்டாலும் உள்ளே இருக்கும் இரும்பு அதே இரும்புதானே.

இதற்கு நேர் எதிரான கதை இரண்டு வருடம் கழித்து நடந்தது. எனக்கு அதுதான் பெரிய பாடம்.

2023 மே மாதம். எஞ்சின் 50 மணி நேரம் ஓடியதும் செய்யும் ஆயில் மாற்றம். லைசென்ஸ் உள்ள பைலட் தன் சொந்த விமானத்தில் ஆயில் மாற்றுவது, பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து இடைவெளி சரிபார்ப்பது போன்ற பராமரிப்பு வேலைகளைத் தானே செய்து லாக்புக்கில் எழுதலாம், சட்டம் அனுமதிக்கிறது. அதனால் ஒவ்வொரு 50 மணிக்கும் பிளக்கைக் கழற்றும்போது நான்கு சிலிண்டரையும் படம் எடுத்து வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நான்கு மாதத்துக்கு முன்புதான் ஆண்டுச் சோதனை முடிந்திருந்தது. இரண்டாம் சிலிண்டர், இடப்பக்கம் முன்னால் இருப்பது, 80-க்கு 74 காட்டியிருந்தது. எஞ்சின் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சோதனையும் 1700 ஆர்பிஎம்மில் சுத்தமாக இருந்தது.

திரையில் இரண்டாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு வந்தபோது என் கை நின்றுவிட்டது. வட்டத்தின் ஒரு ஓரத்தில், கடிகாரத்தில் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும், பிறை வடிவத்தில் வெளுத்திருந்தது. படிவே இல்லை. அந்தப் பிறையின் விளிம்பில் லேசான பச்சை. பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எட்டு மாதத்துக்கு முன் எடுத்ததில் அந்த இடத்தில் ஒரு மெல்லிய வெளுப்பு இருந்திருக்கிறது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

என் அப்பா நாமக்கல்லில் முப்பது வருடம் லாரி பட்டறை வைத்திருந்தவர். அதற்கு முன்னால் பெட்ரோல் ஜீப்புகளில் கை பழகியவர். அங்கே ராத்திரி எட்டரை மணி. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு லேப்டாப் திரையைக் காட்டினேன்.

"கண்ணு, அந்த ஓரத்த இன்னுங் கொஞ்சம் கிட்ட காட்டு."

காட்டினேன்.

"ஒரு பக்கமா வெந்துருக்குது பாரு. சீட்டுல சரியா உக்காரல. கைடு தேஞ்சிருக்கும். இத மாத்தாம எடுக்காத."

"கம்ப்ரஷன் நல்லாத்தான் இருக்குதுங்ப்பா. எம்பதுக்கு எழுபத்தி நாலு."

"இன்னிக்கு நிக்கும். ஓரம் பிஞ்சு உழுந்துச்சுன்னா? ஜீப்புன்னா ரோட்டோரமா நிறுத்திருவேன். நீ மேல இருப்ப."

விமான எஞ்சினை அவர் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. படத்தைப் பார்த்துப் பத்து விநாடியில் சொல்லிவிட்டார். மறுநாள் எங்கள் மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. வால்வு தண்டைப் பிடித்து வழிநடத்தும் கைடு தேய்ந்து வால்வு கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால், ஒரு ஓரம் சீட்டைச் சரியாகத் தொடாது. தொடாத இடம் சூட்டை இறக்க முடியாமல் காய்கிறது. காயும் இடம் கோணுகிறது. கோணினால் இன்னும் கொஞ்சம் இடைவெளி, அதன் வழியே நெருப்பு போன்ற புகை. கடைசியில் ஒரு துண்டு உடைந்து போகும். இதில் பயங்கரம் என்னவென்றால், இந்தச் சங்கிலியின் முக்கால்வாசி தூரம் வரை கம்ப்ரஷன் எண் நன்றாகவே இருக்கும். மீட்டர் அன்றைய கசிவை மட்டும் சொல்கிறது. நிறமோ பல மாதமாக அங்கே சேர்ந்த சூட்டின் கதையைச் சொல்கிறது.

ஆரம்ப நிலையில் இருந்தால் சிலிண்டரைக் கழற்றாமலே வால்வை அதே இடத்தில் லேப்பிங் செய்து, அதாவது சீட்டோடு தேய்த்துப் படிய வைத்து, பார்க்கலாம் என்றார் மெக்கானிக். ஆனால் விளிம்பில் உலோகம் மெலியத் தொடங்கிவிட்டது என்பது அவர் எண்ணம். இந்தமுறை கழற்றுவதற்கு நானே தலையாட்டினேன். கழற்றிய வால்வை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துச் சுற்றிப் பார்த்தோம். திரையில் பிறை இருந்த அதே இடத்தில் விளிம்பு பிளேடு போல மெலிந்து, விரல் நகத்தால் வருடினால் சொரசொரத்தது. கைடும் தேய்ந்துதான் இருந்தது. புது வால்வு, புது கைடு, மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து 1,700 டாலர். அந்தப் பழைய வால்வு என் மேசை மேல் இருக்கிறது.

இனி உபயோகிக்கும் முறை. இதில் அவசரம் கூடாது. சாவியை ஆஃப் செய்து கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் பிடியை முழுக்க வெளியே இழுத்துவிடுங்கள், பெட்ரோல் வால்வை மூடுங்கள். இவ்வளவு செய்த பிறகும் ப்ரொப்பெல்லர் எப்போது வேண்டுமானாலும் சுற்றும் என்றே நினைத்துக்கொண்டு கை வையுங்கள். மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. அதை நிறுத்தி வைக்கும் ஒரு சின்ன வயர் அறுந்திருந்தால் சாவி ஆஃபில் இருந்தும் பிளக் தீப்பொறி அடிக்கும். அதனால் முதலில் நான்கு மேல் பிளக்கையும் கழற்றிவிட்டு, கீழ் பிளக் வயர்களையும் பிரித்த பிறகுதான் நான் ப்ரொப்பெல்லரைத் தொடுகிறேன். சுற்றும்போது மேக்னெட்டோவில் உள்ள இம்பல்ஸ் கப்ளிங் "டக்" என்று தட்டும். அந்தச் சத்தம் வரும் இடத்தில் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்வேன்.

பிஸ்டன் கீழே, இரண்டு வால்வும் மூடிய நிலை. இதுதான் முதல் படம். அப்புறம் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் வரை மெல்லச் சுற்றி, விளிம்பையும் சீட்டையும் தனியாக ஒரு படம். பிறகு தலையை நேராக்கி சிலிண்டர் சுவரைச் சுற்றிப் பாருங்கள். ஹோனிங் செய்த குறுக்குக் கோடுகள் தெரிகின்றனவா, துருப் புள்ளி இருக்கிறதா, நீளவாக்கில் கீறல் உண்டா. குளிர்காலத்தில் பறக்காமல் நிறுத்தி வைத்த எஞ்சினில் சுவரில் துரு அரும்பும். ஒன்றை மறக்கவே கூடாது. குழாயை வெளியே இழுக்கும் முன் தலையை நேராக நிமிர்த்திவிட வேண்டும். மடங்கிய தலையோடு இழுத்தால் பிளக் மரையில் மாட்டிக்கொள்ளும். நான் திருகின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு மேலே இருந்தால் தலை நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

பார்க்க முடியாததும் உண்டு. லைகாமிங்கில் வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட் கிராங்க்குக்கு மேலே இருக்கிறது. விமானம் வாரக்கணக்கில் நின்றால் ஆயில் வடிந்து முதலில் துருப்பிடிப்பது அதுதான். பிளக் ஓட்டையிலிருந்து அங்கே போக வழியே இல்லை. அதற்கு ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, காந்தம் வைத்துப் பார்க்கும் பழைய முறைதான். போர்ஸ்கோப் வாங்கிவிட்டோம் என்று ஃபில்டர் வெட்டுவதை விட்டுவிடாதீர்கள்.

பிளக்கைக் கழற்றியது கழற்றியாகிவிட்டது, அதையும் கவனியுங்கள். இந்த எஞ்சின் 80 ஆக்டேன் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது, கம்ப்ரஷன் விகிதம் 7-க்கு 1தான். இப்போது கிடைப்பதோ நீல நிற 100எல்எல், அதாவது 'லோ லெட்'. பெயரில்தான் ஈயம் குறைவு, பழைய 80-ஐவிட நாலு மடங்கு வரைக்கும் ஈயம் இருக்கலாம். கீழ் பிளக்குகளில் சாம்பல் நிற ஈயக் குண்டுகள் உருண்டு நிற்கும். மேக்னெட்டோ சோதனையில் எஞ்சின் உதறினால் பாதி நேரம் காரணம் அதுதான். ஊசி முனையால் பீங்கானைத் தொடாமல் எடுங்கள். தரையில் ஓடும்போது மிக்ஸ்சரை நன்றாகக் குறைத்து வைத்தால் குண்டுகள் சேர்வது பெருமளவு குறைகிறது. கீழே விழுந்த பிளக்கைத் திரும்ப மாட்டாதீர்கள், பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் புது செம்பு வாஷர்.

பார்ப்பதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. ஆனால் பார்த்த பிறகு பறக்கலாமா என்ற முடிவை என் மெக்கானிக்கிடம் விட்டுவிடுகிறேன். விமானம் வைத்திருப்பவர்களும் பைலட்டுகளும் சேர்ந்த ஏஓபிஏ சங்கம் வால்வு எரியும் படிநிலைகளை வண்ணப் படங்களாக ஒரு தாளில் வெளியிட்டிருக்கிறது. அதைப் பெரிதாக அச்சடித்து ஹேங்கர் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதன் பக்கத்தில் என் எஞ்சினின் படங்கள், தேதியும் எஞ்சின் மணியும் எழுதி, சிலிண்டருக்கு ஒரு வரிசையாக. எனக்கு உண்மையில் பயன்படுவது இந்த வரிசைதான். ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் எல்லா வால்வும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் தெரியும்.

வாங்குபவர்களுக்கு இரண்டு விஷயம். தலை மடங்கும் வகைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், நேராக மட்டும் பார்க்கும் போர்ஸ்கோப்புகளும் இதே போலத்தான் இருக்கும். தனியாக வாங்க மனமில்லை என்றால் திடலில் உள்ள நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம், ஒரு எஞ்சினுக்கு 50 மணிக்கு ஒருமுறைதான் தேவை. வேலை முடிந்ததும் லென்ஸில் படிந்த எண்ணெயை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, குழாய் வளையாமல் இருக்க நான் அதை ஒரு பிவிசி பைப்புக்குள் விட்டு இரண்டு பக்கமும் மூடி போட்டு வைக்கிறேன். ஐந்தாவது வருடம் ஓடுகிறது. படம் முதல் நாள் பார்த்த மாதிரியே இருக்கிறது.